சோறு வெந்ததும் பாடுகிற ஊர்

விடிகாலை ஆறு மணி. கண் திறக்கும் முன்பே காது விழித்துக்கொண்டது. அடுப்படியிலிருந்து டிங் டிங்கென்று ஒரு பாட்டு. பேரனின் பொம்மை எதுவோ உருண்டு விழுந்து பாடுகிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பாட்டு நின்றது. பின்னாலேயே ஒரு வாசனை வந்தது. சோறு வெந்த வாசனை! வீட்டில் இருக்கிற நாலு பேரும் படுத்துக்கிடக்கிறோம். பின்னே யார் உலை வைத்தது?

எழுந்து அடுப்படிக்குப் போனேன். போகிற பாதையே ஒரு பரீட்சை. இது 2019 பிப்ரவரி. டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் நிஷி-கசாய் என்கிற பகுதி. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே குடியிருக்கிறார்கள், ரயிலடியில் இறங்கினால் தமிழும் காதில் விழும். நான் கோயம்புத்தூர் பீளமேட்டிலிருந்து வந்து நாலாவது நாள். இந்த ஊரில் ஆள் உட்கார்ந்திருக்கும் அறையில் மட்டும்தான் ஹீட்டர் போடுகிறார்கள். அந்த அறையை விட்டு வெளியே கால் வைத்தால் மார்கழி மாத ஊட்டிதான். இரண்டு ஜோடி சாக்ஸுக்கு மேலே செருப்புப் போட்டும், அடுப்படித் தரை என் உள்ளங்காலைத் தேடிப் பிடித்துக் கடித்தது.

மேடை மேல் வெள்ளையாக, குட்டித் தர்பூசணி அளவில் ஒரு குக்கர். மூடியில் ஒரு யானை முத்திரை. கம்பெனியின் பெயர் சோஜிருஷி, அதற்கு அர்த்தமே 'யானை மார்க்' என்று மருமகள் சொன்னாள். ஊத்துக்குளி நெய், யானை மார்க் தீப்பெட்டி என்று வளர்ந்தவளுக்கு அதைக் கேட்டதும் பாதிக் குளிர் விட்டது. ராத்திரியே அரிசியைக் களைந்து போட்டு, 'ஆறு மணிக்கு வெந்திருக்கணும்' என்று சொல்லி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது என்று அதுவே பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். ஆரம்பிக்கும்போது 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடும், முடிக்கும்போது வேறொரு மெட்டு. எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்; எத்தனையாவது விசில் என்று எண்ணிச் சொல்ல நான்தான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கூடவே வந்த அளவு கோப்பையை எடுத்துப் பார்த்தேன். 180 மில்லி. இவர்கள் அதை 'கோ' என்கிறார்கள். கிட்டத்தட்ட நம் ஆழாக்கு! அரிசி தின்கிற ஜனங்கள் எங்கே பிறந்தாலும் கை ஒரே அளவுதான் அள்ளும் போலிருக்கிறது. பட்டன்களை மருமகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். வெள்ளை அரிசி, தவிட்டரிசி, அவசர சமையல், அப்புறம் 'ஒகாயு'.

"ஒகாயுன்னா என்ன கண்ணு?"

"கஞ்சிங்க அத்தை."

கஞ்சிக்கு ஒரு பட்டன்! காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைக்க ஆளில்லையே என்ற கவலையை ஒரு விரலால் தீர்த்து வைத்திருக்கிறார்கள். நான் அதை இரண்டு தரம் தடவிப் பார்த்தேன், அமுக்கவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு நானும் என் பங்குக்கு ஏதாவது செய்து காட்டலாம் என்று கிளம்பியதுதான் வினை. கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் போட்டுக் கொடுத்தால் மகன் தட்டை நக்கிவிடுவான். காஸ் அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் தடவிய கத்தரிக்காயை நேரே தீயின் மேல் வைத்தேன். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. தோல் வெடித்து அந்தச் சுட்ட மணம் கிளம்ப ஆரம்பித்தது. அதற்குள் அடுப்பு 'பீப்' என்றது. தீ சுருங்கியது. இன்னொரு 'பீப்'. அணைந்தே போயிற்று. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. சிலிண்டர் காலி என்று நினைத்துக் குனிந்து தேடினால் சிலிண்டரே இல்லை. குழாயில் வருகிற காஸ்.

மருமகள் ஓடி வந்தாள். "அத்தை, அது கெட்டுப் போகலீங்க. சூடு ரொம்பப் போச்சுன்னு அதுவாவே அணைச்சுக்குதுங்க."

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். பர்னரின் நடுவில், பூவின் மகரந்தம் மாதிரி ஒரு குமிழ். அடியில் ஸ்பிரிங். பாத்திரம் வைத்தால் அதன் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சூடு 250 டிகிரியை நெருங்கினால் தீயைக் குறைக்கும், அடங்காவிட்டால் அணைத்துவிடும். இங்கே வீட்டுச் சமையலறைத் தீ விபத்துகளில் பல, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனதால் வந்தவைதான். அதனால் 2008 அக்டோபரிலிருந்து, இரண்டு அல்லது அதற்கு மேல் பர்னர் உள்ள வீட்டு அடுப்பு எதுவானாலும் ஒவ்வொரு பர்னரிலும் இந்தக் குமிழ் இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நிலநடுக்கம் பலமாக வந்தால் வெளியே இருக்கிற காஸ் மீட்டரும் தானாக மூடிக்கொள்ளுமாம்.

நல்ல சட்டம்தான். எதிர்வீட்டு அக்கா அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்துவிட்டு சீரியலில் உட்கார்ந்து, திரைச்சீலை வரை பற்றிக்கொண்டதை நேரில் பார்த்தவள் நான். ஆனாலும் என் கத்தரிக்காய் அரை வேக்காட்டில் ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் பளபளவென்று என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்ததே! தாளிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் அடுப்பு கொஞ்சம் அதிகச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். கடுகு வெடிக்கிற வரைக்கும் அனுமதி. கத்தரிக்காய்க்கு அதுவும் போதவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தவளை ஒரு குமிழ் உட்கார வைத்துவிட்டது.

பேரனைப் பள்ளிக்கு அனுப்பும்போது ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கிய ஒரு தாளைக் கவனித்தேன். ரயில்வே அட்டவணை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறான், பக்கத்துத் தெரு ஜப்பானியப் பள்ளி. அது அவனுடைய மதிய உணவு அட்டவணை, ஒரு மாதத்துக்கு. இன்றைக்கு என்ன குழம்பு, என்ன காய், எத்தனை கலோரி, எல்லாம். சாமான்களை மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். உடம்பை வளர்ப்பது சிவப்பு, தெம்பு தருவது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை. 1954-லேயே பள்ளி உணவுக்குச் சட்டம் போட்ட நாடு. மதிய உணவை நம் தமிழ்நாடும் நன்றாகவே அறியும். ஆனால் அதன் பட்டியலை மாதம் பிறக்கும் முன்பே வீட்டுக்கு அனுப்புவது எனக்குப் புதிது. மத்தியானம் பள்ளியில் மீன் என்றால் ராத்திரி வீட்டில் மீன் வேண்டாம். அம்மாக்காரி அதைப் பார்த்துத்தான் தன் சமையலை வகுக்கிறாள்.

இதற்கென்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். கொந்தாத்தே. 'இன்றைக்கு எதோடு எதைச் சமைப்பது' என்ற திட்டம். நமக்கும் அந்த வேலை இருக்கிறது, பெயர்தான் இல்லை. 'இன்னைக்கு என்ன வைக்கிறது?' என்று நான் நாற்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். 'எதையாவது வை' என்றுதான் பதில் வந்திருக்கிறது. எதையாவது என்று ஒரு குழம்பு உலகத்தில் உண்டா?

மருமகள் வைத்திருக்கிற இன்னொரு சட்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. மூடியிலிருந்து இரண்டு கை மடங்கி இறங்கும், அதுவே கிளறும். வை-ஃபையில் இணைத்திருக்கிறாள். ஃப்ரிட்ஜில் முட்டைக்கோஸ், கேரட், டோஃபு இருக்கிறது என்று போனில் தட்டினால் மூன்று பண்டம் சொல்லும். ஒன்றைத் தொட்டால் செய்முறை சட்டிக்குப் போய்விடும். காய்களை நறுக்கிப் போட்டுவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் வந்து மூடியைத் திறக்க வேண்டியதுதான். எங்கள் ஊர்க் கூட்டு இந்தச் சட்டியின் ஞானத்தில் இல்லை. அதனால் மருமகள் பட்டியலில் இருந்த ஏதோ ஒரு ஜப்பானிய வேகவைப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையில் நம் பாசிப்பருப்பையும் தேங்காயையும் கட்டிவிடுகிறாள். சட்டி ஏமாந்துகொண்டே வேலை பார்க்கிறது.

பத்து மணிக்கு இருவரும் கிளம்பினோம். "உங்களுக்குப் பிடிச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேங்க" என்று மட்டும் சொன்னாள். கோயிலாக இருக்கும் என்று நினைத்துத் தலைக்குக் குளித்துவிட்டேன். பிப்ரவரிக் காற்றில் ஈரத் தலையோடு நடப்பது என்னவென்று அன்று தெரிந்தது. காது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தோசாய் லைனில் ஓத்தேமாச்சி, அங்கிருந்து நடந்து டோக்கியோ ஸ்டேஷன், அங்கே வேறு ரயில் மாறி கவாசாக்கி. ரயில் புறப்படும்போதும் பிளாட்பாரம் ஒரு மெட்டுப் பாடுகிறது. குக்கர் பாடுகிறது, ரயில் பாடுகிறது, மனிதர்கள் மட்டும் வாயே திறப்பதில்லை. அத்தனை கூட்டமான பெட்டியில் நான் ஒருத்திதான் பேசினேன். மருமகள் என் கையை மெதுவாக அமுக்கினாள். அதற்குப் பிறகு நானும் ஜப்பானியப் பெண்மணி மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏழெட்டு நிமிஷம்.

கவாசாக்கியில் ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய கடைத்தொகுதி. தோஷிபா கம்பெனியின் பழைய தொழிற்சாலை இருந்த இடமாம். அதைத் தாண்டினால் அந்தக் கம்பெனியின் அறிவியல் அருங்காட்சியகம். அப்போது நுழைவுக் கட்டணம் கிடையாது. கோயில் இல்லை என்று தெரிந்ததும் சின்ன ஏமாற்றம், ஆனால் உள்ளே போனதும் கும்பிடு போடத் தோன்றியது. ஜப்பானில் முதன்முதலில் செய்த வீட்டுச் சாமான்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். 1930-ல் செய்த ஃப்ரிட்ஜ் தலையில் ஒரு கொப்பரையைக் கவிழ்த்த மாதிரி நின்றது. எடை 157 கிலோ! அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்றியவர்களிடம் நான் பேரம் பேசியதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அதைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பாத்திரம். அலுமினிய மூடி, பக்கத்தில் ஒரே ஒரு சுவிட்ச். 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் தானியங்கி மின்சாரச் சோற்றுக் குக்கர்.

இதை உருவாக்கும் வேலை யோஷிததா மினாமி என்கிற சின்ன பட்டறைக்காரரிடம் வந்திருக்கிறது. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அவர் மனைவி ஃபுமிகோவுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா வருஷக்கணக்கில் சோறு ஆக்கி ஆக்கி, எத்தனை சூட்டில், எத்தனை நேரத்தில் நன்றாக வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறாள். கொதி வந்தபின் இருபது நிமிஷம். அதுதான் அவள் கண்டது. அந்த இருபது நிமிஷத்தை யந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தார்கள். உள்ளே அரிசி, வெளிப்பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீர இருபது நிமிஷம். தீர்ந்ததும் சூடு நூறு டிகிரியைத் தாண்டி எகிறும். உடனே இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, சிப் இல்லை. தண்ணீர்தான் கடிகாரம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாம் ஆழாக்குக்கு இரண்டரைத் தண்ணீர் என்று கைவிரலை விட்டுப் பார்க்கிறோமே, அந்த விரலைத்தான் அவர்கள் இரும்பில் செய்திருக்கிறார்கள். அதுவும் யாருடைய விரல்? அந்த அம்மாவுடைய விரல். இன்றைய குக்கர்கள் சூடு ஏறும் வேகத்தை வைத்தே உள்ளே எவ்வளவு அரிசி இருக்கிறது என்று ஊகிக்கின்றன. அத்தனைக்கும் ஆதி, ஒருத்தி அடுப்பு முன்னால் நின்று போட்ட கணக்கு.

1955 என்ற எண்ணை மறுபடி பார்த்தேன். எங்கேயோ கேட்ட வருஷம். சட்டென்று பிடிபட்டது. எங்கள் கோயம்புத்தூரில் பி. சபாபதி வெட் கிரைண்டரைக் கொண்டுவந்ததும் அதே 1955! எங்கள் ஊரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பாடம். அங்கே ஒருவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டிய வருஷத்தில் இங்கே ஒரு தம்பதி உலைப்பானைக்கு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அரிசியும் உளுந்தும் ஆட்டி ஆட்டித் தோள்பட்டை இறங்கிப்போன என் அம்மாவை நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். காவலுக்கு நின்ற பெண் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று குனிந்து கேட்டாள். "எங்க ஊர்ல கிரைண்டர்" என்று தமிழிலேயே ஆரம்பித்தேன். மருமகள் மறுபடி கையை அமுக்கினாள்.

திரும்பும்போது சூப்பர் மார்க்கெட். வாசலிலேயே ஒரு பெட்டியில் சூடான கல்லுக்குள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனை! நம் வீட்டுக் கொள்ளிச் சாம்பலில் புதைத்துச் சுட்டெடுக்கிற அதே வாசனை. காகிதத்தில் சுருட்டித் தந்தார்கள். தின்பதற்கு முன்னால் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் குளிர் காய்ந்தேன். உள்ளே கத்தரிக்காய்கள் ஒன்றையொன்று தொடாமல் பிளாஸ்டிக் உறைக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தன. காலையில் பட்ட அவமானம் நினைவுக்கு வந்தது. விடக்கூடாது என்று நாலு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம். அடுப்படியில் நான் மட்டும் தனியாக நின்றபோது, பக்கத்திலேயே ஒரு பெண் தேன் குரலில் ஏதோ பேசினாள். தூக்கிவாரிப் போட்டது. சுவரில் ஒரு பலகை. 'ஒஃபுரோ கா வகிமாஷித்தா'. குளிக்கத் தண்ணீர் சுட்டுவிட்டது என்று அர்த்தம். வெங்காயம் நறுக்குகிற இடத்திலிருந்தே ஒரு பட்டனைத் தட்டினால் குளியல் தொட்டி நிரம்பி, சுட்டு, வந்து சொல்லிவிடும். விறகடுப்பில் அண்டா வைத்து, கண்ணெரிய ஊதி, 'தண்ணி காஞ்சிருச்சு, யாரு முதல்ல?' என்று வீடு பூராவும் கத்தின குரல் இப்போது சுவருக்குள் குடியேறியிருக்கிறது.

அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதுக்கு மேல் இருக்கும், என் தோளுயரம்தான். முந்தின நாள் மருமகள் வடை கொடுத்தனுப்பிய டப்பாவைத் திருப்பித் தர வந்திருக்கிறாள். டப்பா நிறையக் குட்டி ஆரஞ்சுப் பழங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று இங்கேயும் உண்டா! எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்த ஊரில் யாரையும் தொடக்கூடாது என்று மகன் சொல்லியிருந்ததால் குனிந்து கும்பிட்டேன். அவள் என்னைவிட ஆழமாகக் குனிந்தாள். நான் இன்னும் கொஞ்சம். இடுப்பு பிடிப்பதற்குள் மருமகள் காப்பாற்றினாள்.

மேடை மேல் இருந்த அரைக்கருக்கல் கத்தரிக்காயைப் பாட்டி பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லாமலேயே எல்லாம் புரிந்துவிட்டது. நேரே வந்து அடுப்பின் வயிற்றில் இருந்த ஒரு சின்ன இழுப்பறையை இழுத்தாள். நாலு நாளாக அதைத் தீப்பெட்டி வைக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கம்பி வலை. மீன் சுடுகிற அறை. மேலும் கீழும் தீ வரும். கத்தரிக்காயில் கத்தி நுனியால் நாலு கீறல் போட்டு உள்ளே தள்ளி மூடினாள். அவர்களும் சுட்ட கத்தரிக்காய் தின்பார்களாம். 'யாகினாசு'. தோலை உரித்து, இஞ்சியைத் துருவிப் போட்டு, சோயா சாஸ் விட்டு.

பத்து நிமிஷத்தில் சின்னக் கண்ணாடி வழியே தோல் கருகி வெடிப்பது தெரிந்தது. அடுப்பு ஒரு 'பீப்' கூடச் சொல்லவில்லை. புகை மணம் வீடெல்லாம் பரவியது, அசல் பீளமேட்டு மணம். பாட்டி சுடச்சுட விரலை ஊதி ஊதித் தோல் உரித்தாள். நான் வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் போட்டுப் பிசைந்தேன். அவளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள், கண் விரிந்தது, மிளகாய் கடித்துவிட்டது போல. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

காரத்துக்கு டீ வேண்டும் என்று தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சின்ன அறை, ரஜாய் போர்த்திய குட்டை மேஜைக்கு அடியில் ஹீட்டர். கோத்தாத்சு என்று பெயர். காலை உள்ளே நீட்டினேன் பாருங்கள், வந்த நாலு நாளில் முதன்முதலாக என் பாதம் எனக்குச் சொந்தமாயிற்று.

மேஜை ஓரத்தில் வெந்நீர்க் குடுவை. மறுபடி யானை மார்க். பாட்டி அதைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்ல, மருமகள் மொழிபெயர்த்தாள். இது சாதாரணக் குடுவை இல்லை. வெந்நீர் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டு ஒசாகாவில் இருக்கிற மகனுக்குத் தெரிவிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் அவனுக்கு மெயில் போகும். எந்த மணிக்கு அம்மா டீ குடித்தாள் என்று கட்டம் போட்டே பார்க்கலாம். வெளியே போகும்போது அமுக்க ஒரு பட்டன் உண்டு. 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து, ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார்கள். அந்தச் செய்தி ஊரையே உலுக்கியிருக்கிறது. அதிலிருந்து பிறந்த யோசனை, 2001-ல் விற்பனைக்கு வந்தது. வேவு பார்ப்பது போலக் கேமரா வேண்டாம், காலையில் எழுந்ததும் எப்படியும் டீ போடுவார்கள், அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

என் மகன் தினமும் போன் செய்து முதல் வார்த்தையாக "காப்பி குடிச்சாச்சாம்மா?" என்பான். வேறு பேச்சே இல்லையா இவனுக்கு என்று நான் அலுத்துக்கொள்வதுண்டு.

பாட்டி எனக்கு ஊற்றினாள், மருமகளுக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றிக்கொண்டாள். காரம் இன்னும் அடங்காததால் தனக்கே மறுபடி ஒன்று. ஒவ்வொரு தடவையும் குடுவை முனகியது. நாலாவது கோப்பையில் நிறுத்தி, குடுவையைப் பார்த்து வாய் பொத்திச் சிரித்தாள்.

"என்னங்கறாங்க?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு அவங்க பையனுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்குமாங்க அத்தை."

நான் கோப்பையைக் காலி செய்து மறுபடியும் நீட்டினேன்.